பைக் பழகுபவர்களுக்கு: கியர் சரியாக விழ முதலில் இடது கையைப் பழக்குங்கள்

என் தங்கை ஆறு வருடம் ஸ்கூட்டி ஓட்டியவள். வீட்டில் சும்மா நின்ற ஸ்பிளெண்டரை எடுத்து ஒருநாள் பழக ஆரம்பித்தாள். பேலன்ஸ், பிரேக், கூட்டத்தில் நுழைந்து வருவது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஆஃப் ஆகிவிடும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அந்தப் பதற்றத்தில் மறுபடியும் ஆஃப் ஆகும். இரண்டாம் நாள் சாயங்காலம், "எனக்குக் கால் வரலைண்ணா, கியர் போடவே தெரியலை" என்றாள். பக்கத்தில் நடந்தபடி அவள் காலைக் கவனித்தேன். கால் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கிளட்சைப் பிடித்திருந்த இடது கைதான் ஒவ்வொரு முறையும் சுடுபாத்திரத்தைத் தொட்டது போலச் சட்டென்று விட்டுக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நான் பழக்கிய மற்றவர்களிடமும் இதையே பார்த்தேன். கியர் என்றால் காலின் வேலை என்று நினைத்து, குனிந்து காலையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். காலுக்கு அரை நொடி வேலைதான். அதற்கு முன்னும் பின்னும் நடப்பதெல்லாம் இடது கையிலும் வலது மணிக்கட்டிலும் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியைக் கையிலிருந்தே தொடங்குகிறேன். இதில் சொல்வதை ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டாம். ஒரு பயிற்சி பிடிபட்ட பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் லேசாக ஒட்டி வைத்து, ஒரு கையை மட்டும் சுற்றுங்கள். இன்னொரு கை அசையாமல் இருக்கும், உரசல் மட்டும் தெரியும். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். அசையாத கையும் மெல்ல இழுபட ஆரம்பிக்கும். நன்றாக அழுத்தினால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். கிளட்ச் செய்வது இதைத்தான். 100 சிசி வண்டியின் இன்ஜின் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று சுற்றுகிறது. பின்சக்கரமோ நிற்கிறது. சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் சேர்த்து வைப்பவை கிளட்ச் பிளேட்டுகள். லிவரைப் பிடித்தால் பிளேட்டுகள் விலகும், விட்டால் நெருங்கும். பாதி விட்டால் உரசியபடி இழுக்கும். அந்த உரசும் இடத்தைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம்.

லிவரைச் சட்டென்று விட்டால் பிளேட்டுகள் ஒரே அடியாக ஒட்டும். நிற்கும் வண்டியின் மொத்த எடையும் அந்தக் கணத்தில் இன்ஜின் மேல் விழும். இன்ஜினில் வலு இருந்தால் வண்டி முன்னால் துள்ளும், இல்லாவிட்டால் ஆஃப் ஆகும். துள்ளுவதும் ஆஃப் ஆவதும் இரண்டு தனித்தனிக் கோளாறு போலத் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான்.

கியர் பெட்டியைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பின்னால் நிறையக் குழப்பம் தீரும். பைக்கில் கியர் மாற்றும்போது பல்சக்கரங்கள் புதிதாக வந்து பல்லோடு பல் சேர்வதில்லை. அவை எப்போதும் பிணைந்தேதான் சுற்றுகின்றன. நாம் லிவரை மிதிக்கும்போது ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து, அதன் புடைப்புகள் அடுத்த சக்கரத்தின் பள்ளங்களில் போய் உட்காரும். காலில் உணரும் அந்த 'டக்' அதுதான். புடைப்பும் பள்ளமும் நேருக்கு நேர் வராவிட்டால் கியர் விழாது. வண்டி அசையாமல் நிற்கும்போது சில நேரம் கியர் விழ மறுப்பதற்கு இதுதான் காரணம். அப்போது ஓங்கி மிதிக்காதீர்கள். கிளட்சை ஒருமுறை விட்டுப் பிடியுங்கள், அல்லது வண்டியைக் காலால் அரை அடி முன்னே தள்ளுங்கள். விழுந்துவிடும்.

வண்டியில் ஏறும் முன் ஒரு கேள்வி

"இந்த வண்டிக்குக் கியர் எந்தப் பக்கம்?" பத்து வருடம் ஓட்டியவர்கள்கூட அடுத்தவர் வண்டியை வாங்கும்போது இதைக் கேட்பார்கள். நீங்களும் கேளுங்கள்.

ஸ்பிளெண்டரில் நான்கு கியர். எல்லாமே முன்பக்கம் மிதிக்க வேண்டியவை. நியூட்ரலிலிருந்து முன்னால் மிதித்தால் ஒன்று, மறுபடி மிதித்தால் இரண்டு, அப்படியே மூன்று, நான்கு. குறைப்பதற்குக் குதிகாலால் பின்பக்கம் மிதிக்க வேண்டும். பல்சர் 150, அப்பாச்சி 160, எஃப்.இசட்., கிளாசிக் 350 ஆகியவற்றில் ஐந்து கியர். முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை எல்லாம் மேலே. நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். டியூக் 200, ஆர்15 இவற்றுக்கு ஆறு கியர், முறை அதேதான்.

இதில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. ஸ்பிளெண்டரில் பழகிய கால், கியரைக் கூட்டுவதற்கு முன்னால் மிதிக்கும். அதே காலோடு நண்பரின் பல்சரை எடுத்து, நாற்பது ஐம்பதில் போகும்போது பழக்கதோஷத்தில் முன்னால் மிதித்தால் கியர் கூடாது, குறையும். கிளட்சையும் சட்டென்று விட்டால் பின்சக்கரம் ஒரு கணம் இழுத்துப் பிடிக்கும். மழை ஈரத்திலோ மணல் கிடக்கும் சாலையிலோ அந்த ஒரு கணம் கீழே தள்ளப் போதும். அதனால் முதல் இரண்டு மாதம் ஒரே வண்டியில் பழகுங்கள். வேறு வண்டியை எடுக்க நேர்ந்தால் ஐந்து நிமிடம் காலியான தெருவில் ஓட்டிவிட்டுப் பெரிய சாலைக்குப் போங்கள்.

பழைய புல்லட் கிடைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அழகான வண்டிதான், ஆனால் முதன்முதலில் பழகுவதற்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. அதில் பழகிய கால் மற்ற எல்லா வண்டியிலும் பிரேக்கைத் தேடித் தடுமாறும்.

உடை பற்றி ஒரு வார்த்தை. ஹெல்மெட் கட்டாயம் என்று எல்லோருக்கும் தெரியும். செருப்பை விட்டுவிட்டு ஷூ போடுங்கள். ரப்பர் செருப்பு கியர் லிவருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், மேலே தூக்கும்போது விரல் வலிக்கும், வலிக்குப் பயந்து கால் அரைகுறையாகத் தூக்கும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, வேட்டி எதுவும் சக்கரத்துக்கும் செயினுக்கும் அருகில் தொங்கக் கூடாது.

முதல் பயிற்சி: இன்ஜினை அணைத்துவிட்டு

வண்டியை நடு ஸ்டாண்டில் போடுங்கள். இன்ஜின் அணைந்திருக்கட்டும், சாவியை மட்டும் திருப்பி வையுங்கள். அப்போதுதான் நியூட்ரல் விளக்கு தெரியும். ஏறி உட்கார்ந்து கிளட்சைப் பிடித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். சக்கரம் சுற்றாததால் சில கியர்கள் விழாது. நண்பர் ஒருவரைப் பின்சக்கரத்தின் டயரைக் கையால் மெல்ல உருட்டச் சொன்னால் விழும். அவர் விரல் செயின் பக்கமோ கம்பிகளுக்கு நடுவிலோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் இன்ஜினில் இந்தப் பயிற்சியைச் செய்யவே கூடாது.

குனிந்து பார்க்காமல் "இப்போது எந்தக் கியர்?" என்று சொல்ல வருகிற வரை இதைச் செய்யுங்கள். ஒரு மிதிக்கு ஒரு கியர்தான் மாறும். மிதித்த பிறகு காலை எடுத்தால்தான் லிவர் பழைய இடத்துக்குத் திரும்பி அடுத்த மிதிக்குத் தயாராகும். காலை லிவரிலேயே வைத்திருப்பவர்களுக்கு அடுத்த கியர் விழாமல் போவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

இரண்டாம் பயிற்சி: கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

இதற்கு மட்டும் ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரையில் எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். பள்ளி மைதானமோ, வீடு எழும்பாத மனைப்பிரிவின் சாலையோ, சமமான இடமாக இருந்தால் போதும்.

வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். இப்போது வரும் பல வண்டிகளில் சைடு ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். அது கியர் கோளாறு என்று பயந்து பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் உண்டு.

இரண்டு காலும் தரையில் இருக்கட்டும். கிளட்சை முழுவதுமாக, லிவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்குப் பிடியுங்கள். முதல் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். இப்போது லிவரை நூல் நூலாக விடுங்கள். ஓரிடம் வந்ததும் இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கும், வண்டி முன்னால் போக மெல்ல அழுத்தும். அங்கேயே கையை நிறுத்துங்கள். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். இரண்டு அடி நகர்ந்ததும் மறுபடி முழுவதும் பிடித்து பிரேக்கை அழுத்துங்கள். நிறுத்துங்கள். திரும்பச் செய்யுங்கள்.

இருபது முப்பது தடவை இதைச் செய்தபின் உங்கள் விரல்களுக்கே அந்த இடம் தெரிந்துவிடும். அதற்கப்புறம் ஆக்சிலேட்டரைச் சேர்க்கலாம். முதலில் வலது கையால் துளி முறுக்கி, இன்ஜின் சத்தம் லேசாக உயர்ந்ததும் அதை அப்படியே வைத்துக்கொண்டு கிளட்சை விடுங்கள். பிடிக்கும் இடத்தில் ஒரு கணம், ஒன்று இரண்டு என்று எண்ணும் நேரம் தாமதியுங்கள். வண்டி ஓட ஆரம்பித்ததும் மீதியை விடலாம். என் தங்கைக்கு இந்த 'ஒன்று, இரண்டு' வாயால் சத்தமாகச் சொல்லிப் பழகியதில்தான் ஆஃப் ஆவது நின்றது. அவள் விட்டது அவசரத்தை மட்டும்தான். வேறு எதையும் நான் திருத்தவில்லை.

நான்கு விரலாலும் கிளட்ச் பிடியுங்கள். இரண்டு விரலால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது பிற்பாடு வரட்டும். கை வலித்தால் பத்து நிமிடம் ஓய்வு எடுங்கள். வலிக்கும் கை மெதுவாக விடாது.

கியரைக் கூட்டுவது

வரிசை இது: ஆக்சிலேட்டரை விடு, கிளட்சைப் பிடி, கியரைப் போடு, கிளட்சை விடு, ஆக்சிலேட்டரைக் கொடு. முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்க வேண்டும். கிளட்சைப் பிடித்துவிட்டு ஆக்சிலேட்டரை விடாமல் வைத்திருந்தால் இன்ஜின் வீறிட்டுக் கத்தும். அந்தச் சத்தத்தில் பயந்து கிளட்சை விட்டால் வண்டி தூக்கி அடிக்கும்.

எந்த வேகத்தில் மாற்றுவது? 100, 110 சிசி வண்டிக்குச் சொல்கிறேன்: 10 - 15 கிலோமீட்டரில் இரண்டாம் கியர், 25ஐ ஒட்டி மூன்று, 35 - 40இல் நான்கு. இது தோராயம்தான். உங்கள் வண்டியின் கையேட்டில் அதற்கான வேகம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் போனதும் ஸ்பீடாமீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதால் மாற்றப் பழகுங்கள். இன்ஜின் சத்தம் கூர்மையாகி, முறுக்கினாலும் வண்டி அந்த அளவுக்குப் போகாவிட்டால் கியரைக் கூட்ட வேண்டும். இன்ஜின் கடகடவென்று அதிர்ந்து, முறுக்கினாலும் இழுக்காமல் திணறினால் நீங்கள் கூடுதல் கியரில் இருக்கிறீர்கள், குறைக்க வேண்டும். "டாப் கியரிலேயே ஓட்டினால் பெட்ரோல் மிச்சம்" என்று நம்பி இருபதில் நான்காம் கியரில் உறுமிக்கொண்டே போவது தப்பு. பெட்ரோலும் மிச்சமாகாது, இன்ஜினும் செயினும் அடிவாங்கும்.

இரண்டாம் கியர் போட்டேன், ஆனால் ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி போகவில்லை. புதியவர்கள் அடிக்கடி சொல்வது இது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல் உள்ள வண்டிகளில் கால் அரைகுறையாகத் தூக்கியதால் நியூட்ரலில் போய் நின்றிருக்கும். மற்ற கியர்களுக்கு நடுவிலும் புடைப்பு பள்ளத்தில் உட்காராமல் இப்படி நடக்கலாம், அப்போது நியூட்ரல் விளக்கும் எரியாது. பதற வேண்டாம். ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்சை முழுவதும் பிடித்து, கியரை மறுபடி போடுங்கள். அடுத்த முறை லிவரை இறுதிவரை தூக்கி, கிளட்சை விட ஆரம்பிக்கும் வரை காலை அங்கேயே வைத்திருங்கள். கியரைத் தட்டிவிட்டு ஓடக் கூடாது. அழுத்தமாகக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

குறைப்பதுதான் கடினம்

கூட்டும்போது செய்யும் தப்பு பெரும்பாலும் ஒரு குலுக்கலோடு போய்விடும். குறைக்கும்போது செய்யும் தப்பில் விழ வாய்ப்பு இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம்.

நீங்கள் 40இல் நான்காம் கியரில் போகிறீர்கள். அதே 40இல் இரண்டாம் கியருக்கு வந்தால் இன்ஜின் இன்னும் மிக வேகமாகச் சுற்ற வேண்டும். ஆனால் நீங்கள் ஆக்சிலேட்டரை விட்டிருப்பதால் இன்ஜின் மெதுவாகிவிட்டது. கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம்தான் இன்ஜினை இழுத்துச் சுற்ற வைக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்புதான் நீங்கள் உணரும் குலுக்கல். டயரின் பிடிமானம் போதாவிட்டால் சக்கரம் வழுக்கும்.

இதைத் தவிர்க்க மூன்று பழக்கம் போதும். முதலில் பிரேக் போட்டு வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் கியரைக் குறையுங்கள். வேகத்தைக் குறைக்கும் வேலை பிரேக்குக்கு. கியர் அந்த வேகத்துக்குப் பொருந்தி வர வேண்டும், அவ்வளவுதான். அடுத்து, ஒவ்வொரு கியராக இறங்குங்கள், நான்கு, மூன்று, ஒவ்வொன்றுக்கும் கிளட்சை மெல்ல விட்டு. ஓடும்போது நான்கிலிருந்து ஒன்றுக்கு ஒரேயடியாக மிதித்துத் தள்ளாதீர்கள். மூன்றாவது, கியரைக் கூட்டும்போது விடுவதைவிட, குறைக்கும்போது கிளட்சை மெதுவாக விடுங்கள்.

இது கைவந்த பிறகு இன்னொன்றைச் சேர்க்கலாம். கிளட்ச் பிடித்துக் கியரைக் குறைக்கும் அந்த நொடியில் ஆக்சிலேட்டரைத் துளி முறுக்கிவிடுங்கள். இன்ஜின் வேகம் உயர்ந்து சக்கரத்தோடு ஒத்துப்போகும், கிளட்ச் விடும்போது குலுக்கலே தெரியாது. பழைய ஆட்கள் ஓட்டும்போது கியர் குறைகையில் 'வ்ரூம்' என்று ஒரு சின்னச் சத்தம் வருமே, அது இதுதான். முதல் மாதத்திலேயே இதற்கு ஆசைப்பட வேண்டாம்.

முதல் கியரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது வண்டியைக் கிளப்புவதற்கானது. வேகத்தடை, குழி, தெருமுனைத் திருப்பம் இவற்றுக்கு இரண்டாம் கியரே போதும். நடக்கும் வேகத்துக்கு வந்த பிறகுதான் முதல் கியருக்குப் போக வேண்டும்.

சரி, திடீரென்று மாடோ நாயோ குறுக்கே வந்துவிட்டது, டாப் கியரில் இருக்கிறீர்கள். அப்போது கியரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்துங்கள், கடைசி நேரத்தில் கிளட்சைப் பிடியுங்கள். நின்ற பிறகு கிளட்சைப் பிடித்தபடியே கியரை ஒவ்வொன்றாகத் தட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கியர் குறைக்கும் நினைப்பில் பிரேக்கைத் தாமதித்துவிடக் கூடாது.

நியூட்ரல் கிடைக்காத வேதனை

சிக்னலில் நின்றுகொண்டு ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும், நியூட்ரல் மட்டும் வராது. வண்டி முழுவதும் நின்ற பிறகு தேடுவதுதான் சிக்கல். நிற்பதற்குக் கொஞ்சம் முன்பு, வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே, இரண்டாம் கியரிலிருந்து லிவரை முழுதாக மிதிக்காமல் லேசாக அழுத்துங்கள். ஒன்றிலிருந்து தேடுவதைவிட இரண்டிலிருந்து தேடுவது பெரும்பாலான வண்டிகளில் எளிது. நின்றுவிட்டீர்கள் என்றால் கிளட்சைத் துளி விட்டு, பிடிக்கும் இடத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு லிவரைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் நியூட்ரல் ஓரத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. நின்ற பிறகு குதிகாலால் வரிசையாகக் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் நியூட்ரல்.

மீட்டரில் எரியும் பச்சை நியூட்ரல் விளக்கை மட்டும் நம்பிக் கிளட்சைப் பட்டென்று விடாதீர்கள். விளக்கு எரிந்தும் கியர் முழுதாக விலகாமல் இருக்கலாம். முன்னால் நிற்பவர் மேல் வண்டி பாயும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள்.

நொடி காட்டும் சிக்னலில் பத்து நொடிக்குக் குறைவாக இருந்தால் முதல் கியரில் கிளட்சைப் பிடித்தபடி நில்லுங்கள். அதற்கு மேல் என்றால் நியூட்ரலுக்கு வந்து கைக்கு ஓய்வு கொடுங்கள், மூன்று நொடி இருக்கும்போது கியர் போடுங்கள். அப்படியும் பச்சையில் ஆஃப் ஆகிவிட்டால் கிளட்சை முழுதாகப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். சில வண்டிகள் கியரிலேயே ஸ்டார்ட் ஆகும், சில நியூட்ரலில்தான் ஆகும். உங்களுடையது எது என்று மைதானத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவருக்கு ஐந்து நொடிதான் நஷ்டம். அந்த ஐந்து நொடியை எடுத்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மேட்டிலும் மலையிலும்

மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசல், வண்டி பின்னால் நழுவுகிறது. இரண்டு காலையும் ஊன்றித் தாங்கப் பார்க்காதீர்கள். இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். முதல் கியரில் கொஞ்சம் கூடுதலாக ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை விடுங்கள். வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கி, இழுக்கத் தயாராவது தெரியும். அப்போது பிரேக்கை விடுங்கள், வண்டி நழுவாமல் ஏறும். ஏற்றத்தில் நிற்பதற்கு ஹாஃப் கிளட்சைப் பயன்படுத்தாதீர்கள். பிளேட்டுகள் சூடாகித் தேய்ந்துவிடும். நிற்பதற்குப் பிரேக், கிளம்புவதற்குத்தான் கிளட்ச்.

மலையேற்றம் இன்னும் பெரிய பாடம். ஏற்காடு போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. பழகி ஆறு மாதமாவது ஆகாமல் இவற்றுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போகும்போது, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில், வண்டி சாய்ந்திருக்கும்போது கியர் மாற்றினால் குலுக்கலில் பிடிமானம் போகும், அல்லது கியர் விழாமல் இழுவையே இல்லாமல் நடுச்சாலையில் திணற வேண்டிவரும்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்காக நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் உயிரோடு விளையாடுவது. கியரில் இருக்கும்போது இன்ஜின் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. நியூட்ரலில் அந்தப் பிடி இல்லை, மொத்த வேலையும் பிரேக்கின் தலையில் விழும். மலை முழுக்கப் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிமானம் குறையும். இரண்டாம், மூன்றாம் கியரில், கிளட்சை முழுதாக விட்டு இறங்குங்கள்.

வண்டியிலேயே கோளாறு இருந்தால்

பழகுவதற்குப் பெரும்பாலும் பழைய வண்டிதான் கையில் கிடைக்கிறது. அலுவலக நண்பர் ஒருவர் இரண்டாம் கையாக வாங்கிய வண்டியில் இரண்டு வாரம் திண்டாடினார். நியூட்ரல் வரவே வராது, ஒவ்வொரு கியரும் மடாரென்று விழும். தனக்குத்தான் ஓட்ட வராது என்று வண்டியை விற்கவே கிளம்பிவிட்டார். கிளட்ச் கேபிளைப் பார்த்தால் தொளதொளவென்று இருந்தது. லிவரை முழுதாகப் பிடித்தாலும் உள்ளே பிளேட்டுகள் முழுதாக விலகவில்லை. கேபிளைச் சரிசெய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது. மறுநாளே அவர் அதே வண்டியில் வேலைக்கு வந்தார்.

அதனால் உங்களைக் குறை சொல்லிக்கொள்வதற்கு முன் இவற்றைப் பாருங்கள். கிளட்ச் லிவரின் நுனியில் பல வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆடும் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகம் என்றால் கிளட்ச் முழுதாக விலகாது, கியர் கடினமாக விழும். இடைவெளியே இல்லையென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது, இன்ஜின் கத்தும், வண்டி இழுக்காது. கேபிள் சரியாக இருந்தும் ஏற்றத்தில் முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்ஜின் ஆயில் நாள்பட்டிருந்தாலும் கியர் முரண்டு பிடிக்கும். நம் ஊர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கியர் பெட்டி, கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. காருக்கான ஆயிலை இதில் ஊற்றக் கூடாது, அதில் சேர்க்கும் வழுவழுப்புப் பொருளால் கிளட்ச் வழுக்கலாம். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (JASO MA) அல்லது 'எம்ஏ2' (MA2) என்ற குறி இருக்கிறதா பாருங்கள், பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான குறி அது. ஆயிலின் தடிமன் 10டபிள்யூ30ஆ, 20டபிள்யூ50ஆ என்பதைக் கையேடு சொல்லும். செயின் தொங்கினாலும் கியர் மாற்றும்போதெல்லாம் 'டங்' என்று அடிக்கும். சாதாரண வண்டிகளில் அது 20 - 30 மில்லிமீட்டர் ஆடினால் போதும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "கியர் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு, வண்டி சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா, கூட்டும்போதா குறைக்கும்போதா என்று சொல்லுங்கள். போட்ட கியர் ஓடும்போது தானாகக் கழன்று வந்தால் அது உங்கள் கால் தப்பு இல்லை, கியர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய கோளாறு. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எட்டு போடும் நாள்

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் போக முடியும். அந்த ஒரு மாதத்தை வீணாக்காமல் பழகுங்கள். வண்டியில் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. கியர் வண்டிக்கு உரிமம் வேண்டுமென்றால் தேர்வுக்கும் கியர் வண்டியைத்தான் எடுத்துப் போக வேண்டும். ஸ்கூட்டியில் எட்டு போட்டு வாங்கிய உரிமம் கியர் வண்டிக்குச் செல்லாது.

எட்டு போடுவது முழுக்க முழுக்க ஹாஃப் கிளட்ச் வேலை. முதல் கியரில் ஆக்சிலேட்டரை அதிகம் அசைக்காமல் ஒரே அளவில் வைத்துக்கொண்டு, கிளட்சைப் பிடிக்கும் இடத்தில் வைத்து, பின் பிரேக்கை மிக லேசாகத் தொட்டபடி ஓட்டுங்கள். முதல் கியரில் வெடுக் வெடுக்கென்று இழுத்தால் இரண்டாம் கியரில் முயலுங்கள், சில வண்டிகளில் அது இன்னும் சீராக வரும். பார்வை தரையில் வேண்டாம், அடுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே இருக்கட்டும். கால் தரையைத் தொடக் கூடாது என்பதால் ஆஃப் ஆனாலே தேர்வு போச்சு.

எட்டை முடித்த நிம்மதியில் பலர் அதிகாரியின் முன்னால் வந்து நின்றதும் கிளட்சைப் பட்டென்று விட்டுவிடுகிறார்கள், வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைகிறது. காலை ஊன்றி, நியூட்ரலுக்கு வந்து, விளக்கைப் பார்த்து, கிளட்சை மெல்ல விட்டு, வண்டி அசையவில்லை என்று தெரிந்த பிறகு கையை எடுங்கள்.